சூசை வைத்த கிளட்ச்

என் சூசைக்கு, பாசத்தோடும் இன்னும் தீராத கோபத்தோடும் உன் அக்கா எழுதுவது.

கல்லறைத் திருநாளுக்கு உன் பெயரில் நாலு வரி அச்சடித்துத் தருவதாகப் பிரஸ்காரர் வந்திருந்தார். ‘மீளாத் துயிலில் ஆழ்ந்த’ என்று அவரே ஆரம்பித்தும் வைத்திருந்தார். நீ எந்தக் காலத்தில் ஒழுங்காகத் தூங்கினாய், துயிலில் ஆழ்வதற்கு? வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால்தான் உனக்கு உடம்பு நேராகும். அந்த நாலு வரியை அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். நான் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்காது. ஊரும் கேட்கட்டும் என்றுதான் இதை அச்சுக்குத் தருகிறேன். ஆனால் பேச்சு உன்னோடுதான்.

முதலில் சேதி. தவளை திரும்பி வந்துவிட்டது.

ஆமாம், அதே பச்சைக் கார். முன்னால் இரண்டு முட்டைக்கண், தரையோடு தரையாகக் குந்திய உடம்பு. பாலக்கரை முழுக்க ‘தவளை வண்டி’ என்று கூப்பிட்ட அதேதான். நம்மிடம் அதை வாங்கிப்போன ஸ்ரீரங்கத்து வக்கீல் அய்யாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. வேறு யாரிடமும் கேட்காமல் நேரே என்னிடமே கொண்டுவந்து விற்றுவிட்டார். நீ செத்து மூன்று வருஷம் கழித்து, நீ அதைப் பிரித்துப்போட்ட அதே ஷெட்டில், அதே எண்ணெய்க் கறையின் மேல் வந்து நிற்கிறது.

அதை வைத்து என்னென்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதற்கு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வாய்த்த புருஷன் கப்பலேறிப் போனபோது வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு தராசு. அந்தத் தராசை வைத்துப் பழைய இரும்பு வாங்கி, அதிலிருந்து பழைய பேட்டரி, அதிலிருந்து பழைய டயர், அதிலிருந்து பழைய வண்டி என்று ஏறி வந்தவள் நான். எந்த ஆம்பளையும் என் தோளைத் தொட்டுத் தூக்கிவிடவில்லை. வியாபாரத்தில் என்னை ஏமாற்றியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நானே. தவளையை வாங்கிய அன்றைக்கு நான் பெயிண்டைப் பார்த்தேன், சீட்டுத் தோலைப் பார்த்தேன். டிரைவர் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை.

திருவெறும்பூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அவசரமாக விற்ற வண்டி அது. ஜெர்மன்காரன் செய்தது, லண்டனில் ஓடியது, அதனால் ஸ்டீயரிங் நம் பக்கம். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நீதான் குனிந்து பார்த்தாய்.

"அக்கா, இதுல ரெண்டு பெடல்தான் இருக்கு."

"மூணாவதைக் கழட்டி வித்துட்டானா அந்த ஆளு?"

"இல்லக்கா. பொறக்கும்போதே ரெண்டுதான்."

கியர் நாம்தான் மாற்ற வேண்டும், ஆனால் கிளட்சை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று நீ விளக்கினாய். கியர் ராடின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச். ராடில் கை பட்டதும், ‘ஓகோ, கியர் மாற்றப் போகிறார்’ என்று அது நினைத்துக்கொள்ளும். உடனே பின்னால் காற்றை உறிஞ்சும் ஒரு டப்பா கிளட்சை இழுத்து விடும். கையை எடுத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான், ஆனால் அதுவே எனக்கு எமனாக வந்தது. திருச்சியில் எந்த டிரைவர் கியர் ராடில் கை வைக்காமல் ஓட்டுகிறான்? லாரிக்காரனிலிருந்து டாக்ஸிக்காரன் வரை இடது கை அங்கேதான் குடியிருக்கும். முதலில் பார்க்க வந்த ரைஸ் மில்காரரின் டிரைவர் பாலக்கரை ரவுண்டானா தாண்டியதும் வழக்கம்போலக் கையைக் கொண்டுபோய் ராடின் மேல் வைத்தான். கிளட்ச் விட்டுப்போய், இன்ஜின் பின்னாலிருந்து ஊளையிட்டது. பயந்துபோய் ராடை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அது இன்னும் ஊளையிட்டது. நடுரோட்டில் இறங்கி, "ஆத்தா, இதுல ஏதோ பூந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டான். அடுத்து வந்தவர்களும் அப்படியே. பழகிய கை கேட்கவில்லை. பேய் வண்டி என்று பெயர் கட்டிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் நீ அதில் ஏறி உட்கார்ந்தாய்.

கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். சூசைக்கு மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையால் இடது முழங்காலை அழுத்திக்கொண்டுதான் நடப்பான். நடக்காதபோதும் கை அங்கேதான் இருக்கும். சாப்பிடும்போது, பூசையில் உட்காரும்போது, போட்டோ எடுக்கும்போதும். ஒன்றுவிடாமல் எல்லா இன்ஜினையும் பிரித்து மாட்டத் தெரிந்த இவனால், மாட்டிய வண்டி ஒன்றையும் ஓட்ட முடியாது. கிளட்ச் மிதிக்கக் கால் இல்லை. ஓட்டிப் பார்ப்பதெல்லாம் கடையில் கூட வேலை பார்க்கும் காதர்தான்.

நீ தவளையைக் கிளப்பினாய். கியர் போட்டாய். போட்டதும் உன் கை தன்னால் முழங்காலுக்குத் திரும்பிவிட்டது. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஊரில் அத்தனை பேர் கையையும் தட்டிவிட்ட வண்டி உன் கையை மட்டும் ஏற்றுக்கொண்டது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆற்றங்கரை ரோட்டில் ஜீயபுரம் வரைக்கும் போனாய். இரண்டு பக்கமும் வாழை. எதிரே வாழைத்தார் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரனுக்கு ஒதுங்கி வழிவிட்டுக் கையைக் காட்டினாயே, பெரிய ஆபீசர் மாதிரி! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ சிரிக்கவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாய்.

"அக்கா, இத விக்காத. இதுல நான் லைசென்ஸ் எடுத்துடறேன்."

உன் இருபதாவது வயதில் ஒரு தடவை லைசென்ஸுக்குப் போயிருந்தாய். அங்கே இருந்தவர் உன்னை வண்டியில் ஏறவே சொல்லவில்லை. காலைப் பார்த்தார், ‘போப்பா’ என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ பேசாமல் கார்புரேட்டர் கழுவியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இது நிக்கிற ஒவ்வொரு நாளும் நம்ம கடை கரையுதுடா. வித்தாத்தான் கடை. கடை இருந்தாத்தான் நீயும் நானும்."

நீ சாவியை ஆணியில் மாட்டினாய்.

இன்றைக்கும் சொல்கிறேன், சூசை. அதே நிலைமை திரும்ப வந்தால் அதே பதிலைத்தான் சொல்லுவேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்ற சொந்தக்காரர்கள் யாரும் என் கடை வாடகைக்கு வந்து நிற்கவில்லை. ஆனால் சரியான பதில் சொல்லிவிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது?

வக்கீல் அய்யா அதற்கு மறுவாரம் வந்தார். ஸ்ரீரங்கத்தில் அப்போது ராஜகோபுரம் கட்டி முடியாமல் மொட்டையாகத்தான் நின்றது. அதன் கீழே இவர் தவளையில் வந்து இறங்குவதை மனசுக்குள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தார்.

"லட்சணமா இருக்கும்மா. பெருமாள் கிருபைல வாங்கிடலாம். ஆனா ஒண்ணு. நாப்பது வருஷமா கிளட்ச் மிதிச்ச கால் இது. சும்மா கிடன்னா கிடக்காது. அதுக்கு ஒரு பெடல் வெச்சுக் குடுத்தா நாளைக்கே எடுத்துண்டு போறேன்."

"வைக்க முடியாதுங்க சாமி" என்று நான் வாய் திறப்பதற்குள், வண்டிக்கு அடியிலிருந்து உன் குரல் வந்தது.

"வைக்கலாங்க. மூணு மாசம் ஆகும்."

நான் குனிந்து பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்று மாதமும் சரியாகப் பார்க்கவில்லை.

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்காரர் ஷெட் வாசலில் நின்று சிரித்தார். "ஜெர்மன்காரன் மூளைய பாலக்கரைல ரிப்பேர் பண்றீங்களா? அந்தக் கியர் பாக்ஸ் தனி, அதுக்குள்ள போற தண்டு தனி. இந்தியாவுலயே சாமான் கிடையாது." நீ அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அந்தத் தண்டு எத்தன பல்லுங்க?" அவருக்குத் தெரியவில்லை. "எனக்குத் தெரியும்" என்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாய். அந்த ஆள் காரில் ஏறும்வரை காதர் சிரித்துக்கொண்டிருந்தான்.

காற்று உறிஞ்சும் டப்பாவைக் கழற்றினாய். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருந்த எண்ணெய் உருண்டையைக் கழற்றினாய். காதரும் இன்னும் இரண்டு பேருமாகக் கியர் பாக்ஸை இறக்கினார்கள். கழித்துப்போட்ட ஜீப்பின் பிளைவீலைக் கடைந்து சின்னதாக்கினாய். அம்பாசிடர் கிளட்ச் பிளேட், பியட் பெடல். தண்டை மட்டும் அரியமங்கலத்து லேத்துக்காரரிடம் மூன்று தடவை செய்ய வைத்தாய். இரண்டாவது தண்டை நீ திருப்பிக் கொடுத்தபோது அவர், "சூசை, இது உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறதா? இந்தக் குத்தம் பார்க்கிறியே" என்று கத்தினார். "பொண்ணுன்னா சரின்னு சொல்லியிருப்பேண்ணே" என்றாய் நீ.

கழற்றிய சாமானையெல்லாம் துடைத்து, கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் அடுக்கி மூடி வைத்தாய். "எதுக்குடா இது?" என்றேன். "இருக்கட்டும்க்கா, கடைன்னா எல்லாம்தான் இருக்கணும்" என்றாய். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி வேலை காற்று எடுப்பது. பெடல் முன்னால், இன்ஜின் பின்னால். அவ்வளவு நீளச் செம்புக் குழாய்க்குள் எண்ணெய் ஓட வேண்டும். நடுவில் ஒரு குமிழி காற்று நின்றாலும் கிளட்ச் விடாது. ஒருவர் மேலே பெடல் மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். அன்றைக்குக் காதர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தான். நான்தான் இருந்தேன்.

"அக்கா, ஏறி உக்காரு."

"எனக்கென்னடா தெரியும்?"

"தெரியவே வேணாம். நான் சொல்றத மட்டும் செய்யி. மிதி."

மிதித்தேன்.

"பிடி. எடுக்காத, அப்படியே பிடி... ம், விடு."

மிதி, பிடி, விடு. வண்டிக்கு அடியிலிருந்து உன் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு எத்தனை முறை மிதித்தேனோ தெரியாது. கால் மரத்துவிட்டது. ஒருமுறை கோபத்தில், "என் காலு என்ன இரும்பாடா?" என்றேன். கீழே திருகை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டும் இருக்குல்ல, சும்மா மிதி" என்றாய்.

அடியிலிருந்து வெளியே வந்ததும் என்னை எழுந்திருக்க விடவில்லை. "நீயே ஓட்டு. நீதான் இப்ப அதோட காலு." பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாய். லைசென்ஸ் இல்லாத பொம்பளை, நாற்பதை நெருங்கிய வயதில், பாலக்கரையின் பகல் கூட்டத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினேன். தப்புத்தான், செய்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் நின்று வாயைப் பிளந்தவர்களையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த மாதமே முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். எனக்குக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்தார்கள். வண்டியைப் பற்றி என்னைவிட ஆயிரம் மடங்கு தெரிந்த உனக்குக் கிடையாது. எனக்கு உண்டு. ஏனென்று கேட்டால் கால்.

வக்கீல் அய்யா தவளையை எடுத்துக்கொண்டு போனார். கடை நிமிர்ந்தது. நீ காதரின் சைக்கிள் கேரியரில் ஏறி வேலைக்கு வருவது தொடர்ந்தது. மாதம் ஒரு தடவை வண்டி சர்வீஸுக்கு வரும். அன்றைக்கெல்லாம் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். செய்த வேலையைப் பார்க்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். சர்வீஸ் முடிந்ததும் நீயும் காதரும் ட்ரயல் பார்க்கப் போவீர்கள். உன்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டேனே என்று எனக்குத்தான் உள்ளே அரிக்கும்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். அதைப் பற்றி நான் இங்கே எழுத மாட்டேன்.

இந்த வருஷம் தில்லை நகரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மா கடைக்கு வந்தார். உன்னைப் போலவே இடது கால். அவரும் உன்னைப் போலவே முழங்காலை அழுத்திக்கொண்டு நடந்து வந்தார். "ஒரு பியட் வாங்கியிருக்கேங்க. இந்தக் காலோட ஓட்டற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?" என்றார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே, "முடியாதுங்க. செய்யத் தெரிஞ்சவன் இப்ப இல்லைங்க" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தவளை வந்தது. அதன் பின்னாலேயே கோயம்புத்தூர்க்காரர் வந்தார்.

பழைய வெளிநாட்டுக் கார்களைச் சேர்க்கிற பெரிய மனிதர். இதே மாதிரி இன்னொரு கார் அவர் வீட்டில் சாமான் இல்லாமல் படுத்துக் கிடக்கிறதாம். கையோடு ஒரு தடித்த புத்தகம், அதில் ஒவ்வொரு திருகுக்கும் படம். தவளையின் அடியில் குனிந்தவர் சூடுபட்டவர் மாதிரி நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மா, இதை யாருங்க இப்படிக் கொத்திக் கெடுத்து வெச்சது?"

"என் தம்பிங்க."

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஆனா இது பாவமுங்க. ஒரிஜினல் போச்சுங்களே!"

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பேசுங்க."

கொள்ளிடம் பாலம் வரை போய் வந்தார். இறங்கும்போது பேச்சு குறைந்திருந்தது. "கியர் நல்லாத்தானுங்க விழுது. கிளட்ச்சும் பூ மாதிரி இருக்குதுங்க. இருந்தாலும்..." என்று இழுத்தார். கழற்றிய பழைய சாமான் எதுவும் இருக்கிறதா என்றார். இருந்தால் வண்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய், உன் வேலையையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி இரண்டு பெடல் வண்டியாக்கிவிடுவாராம். கேட்ட விலைக்கு மறுப்பே சொல்லவில்லை.

எனக்கு முதல் தடவையாக வியாபாரத்தில் குழப்பம் வந்தது, சூசை. மறுத்தால் உன் கைவேலை நிலைக்கும். சம்மதித்தால் நீ ஆசைப்பட்ட வண்டி, நீ ஓட்டிய வண்டி, உன் கை முழங்காலில் இருக்க ஓடிய அந்த வண்டி திரும்ப வரும். இரண்டில் எது உன்னுடையது? நீ இருந்தால் எதைச் சொல்லியிருப்பாய்? உன்னைக் கேட்க வழியில்லை. காதரைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

எண்ணெய்த் துணி மணம் ஷெட் முழுக்கப் பரவியது. ஒவ்வொன்றாக எடுத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். டப்பா சரி. உருண்டை சரி. ஸ்விட்ச்சும் சரி. ஒன்றுகூடக் குறையவில்லை. "இத்தனை பத்திரமா எவனுங்க வெப்பான்!" என்று அவரே வியந்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. முழங்கை நீளத்தில் ஒரு கம்பி. ஒரு முனையில் கொக்கி. மறு முனையில் லாரி ஹேண்ட்பிரேக்கின் பிடி, தலையில் பட்டனோடு. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது இந்த வண்டி சாமானே இல்லீங்க. ஏதோ குப்பை உள்ள விழுந்திருக்குதுங்க" என்று ஓரமாக வைத்தார்.

நான் கையில் எடுத்தேன். குப்பையைத் துணியில் சுற்றி வைக்கிறவனா நீ? பிடியில் இருந்த ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழத்திருந்தது. புதுச் சாமான் அப்படித் தேயாது. கழற்றிய நாளிலிருந்து பெட்டிக்குள் கிடந்ததும் தேயாது. காதரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"காதரு, இது என்ன?"

"அக்கா..."

"சொல்றியா, இல்லயா?"

"அல்லாமேல ஆணையா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்க்கா."

"அவன் போயி மூணு வருஷம் ஆச்சு. நான் இருக்கேன். சொல்லு."

காதர் வண்டிக் கதவைத் திறந்தான். டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, இடது முழங்கால் வரும் இடத்தில் விரிப்பைத் தூக்கினான். அங்கே இரண்டு மரை போட்ட ஓட்டைகள், போல்ட்டால் மூடி, கிரீஸ் பூசி. கிளட்ச் பெடலின் தண்டில், யார் கண்ணிலும் படாத பக்கத்தில், ஒரு இரும்புக் காது. போல்ட்டைக் கழற்றிப் பிடியைப் பூட்டினான், கொக்கியைக் காதில் மாட்டினான். இழுத்தான். கிளட்ச் பெடல் தானாகக் கீழே போனது. கையை எடுத்தான். ஹேண்ட்பிரேக் மாதிரி அப்படியே நின்றது. கியரை மாற்றினான். பட்டனை அமுக்கி மெதுவாக விட்டான். பெடல் மேலே வந்தது.

"சர்வீஸுக்கு வர்ற அன்னைக்கெல்லாம் மாட்டுவான்க்கா. கடைத்தெரு தாண்டினதும் எடம் மாறிக்குவோம். ஜீயபுரம் வரைக்கும் அவன்தான் ஓட்டுவான். திரும்பி வந்து கழட்டிச் சுத்தி இந்தப் பெட்டிக்குள்ள வெச்சுடுவான். ‘அக்காக்குத் தெரிஞ்சா ஒண்ணு, லைசென்ஸ் இல்லாம ஓட்டறியான்னு கத்தும். இல்லன்னா அழுவும். ரெண்டும் எனக்குத் தாங்காதுடா’ன்னான்."

மாதா மாதம். அத்தனை வருஷம்.

ஏண்டா என்கிட்ட சொல்லவில்லை? உன் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் மண்டியிட்டு வெந்துகொண்டிருந்தேன். நீ அந்தப் பக்கம் வாழைத்தோப்புக்கு நடுவில் ஆபீசர் மாதிரி கையைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறாய்! நான் வெந்ததும் தெரிந்துதான் இருந்ததா? இருந்தால், நீ நல்லவன் இல்லை. நேரில் கிடைத்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்திருப்பேனோ, தெரியாது.

கோயம்புத்தூர்க்காரர் பாவம், ஒன்றும் புரியாமல் நின்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வியாபாரம் பேசினேன்.

"உங்க வீட்டு வண்டிக்குச் சாமான் இல்லேன்னீங்கல்ல? பெட்டியைக் கொண்டுபோங்க. எல்லாம் ஒரிஜினல். வண்டி இங்கதான் நிக்கும்."

"பெட்டி போயிட்டா, அப்புறம் இந்த வண்டிய எந்தக் காலத்துலயும் பழையபடி மாத்த முடியாதுங்களே!"

"அதுக்குத்தாங்க குடுக்கிறேன்."

"அந்தக் கம்பி?"

"அது உங்க புக்குல இல்லைன்னீங்களே. அது எங்களோடது."

பெட்டி போய்விட்டது, சூசை. இனி உன் வேலையை எவனும் கழற்ற முடியாது. கெடுத்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஜெர்மன்காரன் செய்த வண்டியை ஊரில் நீ ஒருவன்தான் ஓட்டினாய். அதை ஊரே ஓட்டுகிற மாதிரியும் மாற்றினாய், நீ ஓட்டுகிற மாதிரியும் மாற்றினாய். ஒரு பெடலும் ஒரு கம்பியும், அவ்வளவுதான் உன் சாமான். இதைவிட ஒரிஜினல் எது என்று எவனாவது எனக்கு எழுதிப் போடட்டும்.

மறுநாள் நானே தில்லை நகருக்குப் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். "பத்து நிமிஷங்க" என்று எல்லோரிடமும் நானே கும்பிடு போட்டுக் கேட்டுக்கொண்டேன். ஷெட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் தவளையில் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில்.

"இழுங்க. பிடிங்க. இப்ப கியர். மெதுவா விடுங்க."

முதல் தடவை குதித்து நின்றது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை நகர்ந்தது. மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம். அந்த அம்மா சிரிக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், நீ பார்த்த மாதிரியே. கியர் போட்டு முடித்ததும் அவர் கை எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டுமா?

அவருடைய பியட்டில் இதே பிடியை மாட்டும் வேலையைக் காதர் தொடங்கிவிட்டான். அளவெல்லாம் உன்னுடையதுதான். லைசென்ஸ் கேட்க அவரோடு நானும் போகிறேன். இந்தத் தடவை காலைப் பார்த்துவிட்டு ‘போங்க’ என்று சொல்ல முடியாது. வண்டியில் ஏற்றி உட்காரவைத்துப் பார்த்த பிறகு எதுவும் சொல்லட்டும். மறுத்தால் மறுநாள் போவோம். அதற்கு மறுநாளும் போவோம். நான் பழைய இரும்பு விற்றுப் பழகியவள். ‘இல்லை’ என்று சொன்ன வாசலுக்குத் திரும்பப் போவது எனக்குப் புதிதில்லை.

நேற்று மாலை தவளையை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் போனேன். அந்தப் பக்கம் மொட்டைக் கோபுரத்துக்குச் சாரம் கட்டி, நிலை மேல் நிலையாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முடியாது என்று விட்டுவைத்ததெல்லாம் இந்த ஊரில் ஒவ்வொன்றாக எழும்புகிறது. என் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் இடது காலைச் சீட்டுக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டேன். இழுத்தேன், பிடித்தேன், விட்டேன். கை தன்னால் முழங்காலுக்கு வந்துவிட்டது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடை இருக்கும்வரை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிற எவரையும் ‘முடியாதுங்க’ என்று திருப்பி அனுப்ப மாட்டேன். தவளையை விற்கவும் மாட்டேன். கேட்டு வருகிறவர்கள் பழகிக்கொள்ள அது இங்கேயே நிற்கும்.

நீ பொய் சொன்ன கணக்கை மட்டும் நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்கிறேன். முழங்காலிலிருந்து கையை எடுத்துத் தயாராக இரு.

அன்றைக்கும் இன்றைக்கும் உன் இடது காலாக இருக்கிற,
உன் அக்கா
லூர்து மேரி
பாலக்கரை